சடவை அளந்த வருஷங்கள்

போன மாதம் ஒரு மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவு நர்ஸ்களுக்காக ஒரு கூட்டம் நடத்தினார்கள். ஓய்வு பெற்றவர்களில் இன்னும் படியேறி வரக்கூடியவள் என்ற தகுதியில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேடையில் ஓர் இளம் டாக்டர், நோயாளியின் களைப்பை இப்போது கைப்பேசியிலேயே அளந்துவிடலாம் என்று படம் போட்டுக் காட்டினார். சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகம் வரை வரிசையாக முகங்கள். நோயாளி தன்னுடைய முகம் எதுவோ அதைத் தொட்டால் போதுமாம். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "உங்க காலத்துல களைப்பை அளக்கற பழக்கமெல்லாம் இருந்திருக்காது, இல்லையா மேடம்?" என்று மைக்கை நீட்டினார். "இருந்தது. அளந்த பிறகுதான் குழப்பமே ஆரம்பித்தது" என்று சொல்லி மூச்சு வாங்கினேன். அதற்குள் சாப்பாடு தயார் என்று அறிவித்துவிட்டார்கள். பிரியாணியோடு போட்டி போடும் வயதில்லை எனக்கு. சொல்ல வந்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் தம்மம்பட்டிக்காரி. எழுபதுகளின் தொடக்கத்தில் நர்சிங் படித்தேன். அந்தப் பயிற்சியில் கற்றதைச் சுருக்கமாகச் சொன்னால், படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் போடுவது, பெரிய டாக்டர் வரும்போது சுவரோடு சுவராக நிற்பது. அதன்பிறகு சில வருஷம் பிரசவ வார்டு. பிறகு சேலத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் கதிர் சிகிச்சைப் பிரிவில் போட்டார்கள். கதிர் பாய்ச்சும் கோபால்ட் மெஷின் இருக்கும் அறைப் பக்கம் நடந்தாலே குழந்தை பிறக்காது என்று நர்ஸ்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. எனக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். அதுதான் அந்தப் பிரிவுக்கு என்னிடம் இருந்த முழுத் தகுதி.

காய்ச்சலை அளந்தோம், நாடியை அளந்தோம், ரத்த அழுத்தத்தை அளந்தோம். அளந்ததெல்லாம் கட்டில் தலைமாட்டில் தொங்கும் அட்டையில் ஏறியது. "முடியலீங்க சிஸ்டர்" என்று நோயாளிகள் நாள் முழுக்கச் சொன்னது மட்டும் எந்த அட்டையிலும் ஏறவில்லை. அதற்கு எங்களிடம் இருந்த ஒரே மருந்து, "சரியாயிடும், படுங்க" என்பது. அதையும் நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போவோம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் டாக்டர் ஜெகநாதன் எங்கள் பிரிவுக்குத் தலைவராக வந்தார். சென்னைக்காரர். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருப்பார். சேலம் வெயில் அவருக்கு இன்னும் தெரியாது போலிருக்கிறது. தமிழை அச்சடித்தது போலப் பேசுவார். "அம்மா, தங்களுக்கு நேற்று உறக்கம் எப்படி இருந்தது?" என்பார். எடப்பாடியிலிருந்து வந்த ஒரு அம்மா அவர் போனபிறகு என் கையைப் பிடித்து, "ஏனுங்க சிஸ்டர், டாக்டரு ரேடியோ நியூசாட்டம் பேசறாரு. நம்ம ஊரு பாசை தெரியாதுங்களா?" என்று கேட்டார்.

அவர் வந்து சில வாரத்தில் என்னைக் கூப்பிட்டார். "கட்டி சுருங்குவதை அளக்கிறோம், சிஸ்டர். ரத்தத்தை அளக்கிறோம். ஆனால் நோயாளிகள் தினமும் நம்மிடம் சொல்வது ஒன்றே ஒன்று. அதை மட்டும் அளப்பதில்லை. இனி அளப்போம்."

சொன்னது நியாயம்தான். எங்கள் ஆஸ்பத்திரியில் நியாயமான யோசனை எது வந்தாலும் அது நர்ஸ்களின் வேலையில்தான் போய் உட்காரும். இதுவும் அப்படியே வந்து உட்கார்ந்தது.

முதல் தகராறு வார்த்தையில். "களைப்பாக இருக்கிறதா?" என்று கேட்டால், "பஸ்ல நின்னுட்டே வந்தனுங்க, காப்பி குடிச்சா சரியாயிரும்" என்றார்கள். "சோர்வாக இருக்கிறதா?" என்றால் படித்தவர்கள் மட்டும் தலையாட்டினார்கள். "அசதி" என்றால், "மத்தியானம் செத்த நேரம் கண்ணசந்தனுங்க" என்றார்கள். கடைசியில் குமாரபாளையத்திலிருந்து தொண்டையில் கட்டியோடு வந்திருந்த தறிக்காரர் ஒருவர், "அதெல்லாம் இல்லீங்க, இது சடவு" என்றார். எங்கள் தம்மம்பட்டிப் பக்கம் அவ்வளவாகப் புழங்காத சொல். உடம்பு எழாது, மனசும் ஏவாது, படுத்தாலும் தீராது, மூன்றும் சேர்ந்தால் சடவு என்று அவர்தான் விளக்கினார். டாக்டர் அந்தச் சொல்லைத் தங்கக்காசு கிடைத்தது போல வாங்கி வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ரேடியோ நியூஸில் சடவு என்ற சொல்லும் வந்தது.

அடுத்த தகராறு அளவுகோலில். ஒரு பெயின்டரைக் கூப்பிட்டு, பலகையில் ஏணி ஒன்று வரையச் சொன்னார் டாக்டர். அடிப்படி என்றால் சடவே இல்லை. உச்சிப்படி என்றால் எழுந்திருக்கவே முடியாத சடவு. நோயாளி விரல் வைத்துக் காட்ட வேண்டும். ஒரு வாரம் அளந்தோம். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர்கள் அடிப்படியைத் தொட்டார்கள். குணமாகி ஊருக்குக் கிளம்பத் துணி மடித்துக்கொண்டிருந்தவர்கள் உச்சியைத் தொட்டார்கள். டாக்டர் அந்தக் கணக்கை இரண்டு நாள் வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு நாமக்கல் பக்கத்து விவசாயி ஒருவரிடமே கேட்டார். அவர் சொன்னார்: "ஏணியில மேல போறது நல்லதுதானுங்களே? நல்லா இருக்கறவன் எதுக்குங்க கீழ எறங்கறான்?"

பலகைக்கு மறுபடி வெள்ளைப் பெயின்ட் அடித்து, இந்த முறை கிணறு வரையச் சொன்னார். எங்கள் சீமைக் கிணறு, ஆழமாக, சுவரில் கல்படியோடு. மேடு வரை தண்ணீர் என்றால் உடம்பில் தெம்பு நிறைந்திருக்கிறது. தண்ணீர் இறங்க இறங்கச் சடவு. அடியில் பாறை தெரிந்தால் ஒன்றுமே மிச்சமில்லை. இதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மழை பெய்தால்தான் சோறு என்கிற ஊர்க்காரர்களுக்குக் கிணற்றைப் பார்த்து மனசை அளப்பது பழக்கம்தானே. ஒருவர் மட்டும், "இது சித்திரை மாசக் கெணறுங்களா, ஐப்பசிக் கெணறுங்களா?" என்று விவரம் கேட்டார்.

அளக்கும் முறையை டாக்டர் பூஜை மாதிரி வகுத்திருந்தார். காலைப் பலகாரத்துக்கு முன்னால் அளக்க வேண்டும். கூட இருக்கும் சொந்தக்காரர்கள் வெளியே போய்விட வேண்டும், இல்லையென்றால் நோயாளிக்குப் பதில் அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள். நோயாளி சற்று நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு டாக்டர், "இன்று தங்கள் கிணற்றில் தண்ணீர் எதுவரை இருக்கிறது?" என்று கேட்பார். அதே சொற்கள், அதே வரிசை. கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். தன் முகத்தைப் பார்த்து நோயாளி பதிலை மாற்றிவிடக் கூடாதாம். நான் பலகையைப் பிடித்துக்கொண்டு உத்தரத்தைப் பார்க்க வேண்டும். "பரவாயில்லையா?" என்று நாங்கள் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் தமிழ்நாட்டில் யாரும் பரவாயில்லை என்றுதான் சொல்வார்கள் என்பார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. நோயாளியின் விரல் எங்கே இருக்கிறதோ அதுதான் உண்மை, அதை மறுத்துப் பேச டாக்டருக்கும் உரிமை கிடையாது.

அந்தத் தறிக்காரரை அளந்த ஒரு நாள் நன்றாக நினைவிருக்கிறது. விரலைப் பாறைக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை.

"ஒடம்பு நல்லா இருந்தப்ப, நாள் பூரா தறி ஓட்டிப்போட்டு வந்தா கெணறு காலிதானுங்க. படுத்து எந்திரிச்சா ஊறிக் கெடக்கும். இப்ப எறைக்கறதே இல்லீங்க, கட்டில்லதான் கெடக்கறேன். ஆனா ஊற மாட்டேங்குதுங்க."

டாக்டர் ஜன்னலிலிருந்து திரும்பி, "தயவுசெய்து இன்னொரு முறை சொல்லுங்கள், ஐயா" என்று பேனாவை எடுத்தார்.

"எதுக்குங்க எழுதறீங்க? தப்பாச் சொல்லிப்போட்டனுங்களா?" என்று அவர் பயந்துபோனார்.

இப்படி எங்கள் அளவை நடந்தது. கதிர் சிகிச்சை தொடங்கிய முதல் வாரம் தண்ணீர் அப்படியே நிற்கும். பிறகு வாரத்துக்கு வாரம் இறங்கும். எல்லோருக்கும் இறங்கியது. டாக்டர் அதை வரைபடமாகப் போட்டு வைத்துக்கொண்டார். எல்லாக் கோடும் ஒரே பக்கம் சரிந்தன. அவருக்கு அதில் ஒரு திருப்தி. நோயாளிகள் வாடுவதில் இல்லை, கோடு சொன்னபடி கேட்பதில்.

அப்போதுதான் பாவாயி வந்தார்.

திருச்செங்கோட்டுக்குத் தெற்கே ஒரு காட்டூர். நாற்பத்தைந்து வயதிருக்கும். கர்ப்பப்பை வாயில் புற்று. ரத்தம் போய்ப் போய் வெளுத்துப்போயிருந்தார். கணவர் நாச்சிமுத்து கொண்டுவந்து சேர்த்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, அதிகம் பேசாத மனுஷர். இவர்களின் ஒரே மகன் போர் போடும் ரிக் வண்டியோடு வடக்கே எங்கேயோ இருந்தான். கட்டிக்கொடுத்த மகள்தான் அம்மாவுக்குப் பதிலாக வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தாள். அதனால் பாவாயியோடு தங்க ஆள் இல்லை. பெண்கள் வார்டில் துணையில்லாமல் கிடந்த ஒரே நோயாளி அவர்தான். நான் பரிதாபப்பட்டேன். அது எவ்வளவு வீண் பரிதாபம் என்பது பிறகுதான் தெரிந்தது.

சேர்ந்த அன்று விரலைப் பாறையிலேயே வைத்தார். ரத்தம் ஏற்றினோம். கொஞ்சம் ஏறியது. "இனி இறங்கும்" என்றார் டாக்டர். கோபால்ட் தொடங்கியது. இறங்கவில்லை. அடுத்த வாரம் ஏறியிருந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும் ஏறியது. பக்கத்துக் கட்டில்காரர்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிடக்கும் சமயத்தில் பாவாயி மட்டும் தலைசீவி, பூ வைத்து, கட்டிலில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கன்னம் உப்பிவிட்டது.

டாக்டருக்குத் தூக்கம் போனது. முதலில் என்னைச் சந்தேகப்பட்டார். நான் ஏதாவது கண்ஜாடை காட்டுகிறேனா என்று வேறொரு நர்ஸிடம் பலகையைக் கொடுத்துப் பார்த்தார். தண்ணீர் அப்போதும் ஏறியது. பிறகு மெஷினைச் சந்தேகப்பட்டார். கதிர் சரியாகத்தான் விழுகிறதா என்று டெக்னீஷியனை வைத்துச் சோதித்தார். சரியாகத்தான் விழுந்தது. கட்டியும் ஒழுங்காகச் சுருங்கிக்கொண்டிருந்தது. சுருங்கியதில் யாருக்கும் குறை இல்லை. அவர் களைக்காததுதான் குறை.

கடைசியில் தன் விதியைத் தானே உடைத்தார். ஒரு காலை, விரல் கிணற்று மேட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றபோது, ஜன்னலிலிருந்து திரும்பிக் கேட்டுவிட்டார்.

"அம்மா, எல்லோருக்கும் குறைகிறது. தங்களுக்கு மட்டும் எப்படி ஏறுகிறது?"

பாவாயி என்னைப் பார்த்தார். ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டது போன்ற பார்வை. "சொல்லலாம் அக்கா, ஒண்ணும் ஆவாது" என்றேன்.

"இங்க வந்துதானுங்க சாமி நான் தூங்கறேன்" என்றார். "அங்க கோழி கூப்புடறதுக்கு முந்தி எந்திரிக்கோணும். எருமைக்குத் தண்ணி காட்டி, கறந்து, சாணி வழிச்சு, சோறாக்கி, மாமியாளுக்கு மேலு கழுவிவுட்டு, அப்பறம் காட்டுக்குப் போவோணும். மாமியா படுத்த படுக்கைங்க. இங்க ஆரும் எழுப்பறதில்ல. சோறு கட்டிலுக்கு வருது. அந்த மிசின்ல படுக்க வெச்சாக்கூட, 'அசையாதீங்கம்மா, அசையாதீங்கம்மா'ன்னு அந்தத் தம்பி சொல்லறாரு. கண்ணாலம் ஆன நாள்ல இருந்து என்னைய ஒருத்தரும் அசையாதேன்னு சொன்னதில்லீங்க."

பக்கத்துக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பெண் குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்துப் போய்ப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் அப்படித்தான் சிஸ்டர், வெளிய சொல்லல" என்றாள்.

டாக்டர் தன் அறைக்குப் போய் வரைபடங்களை மேஜைமேல் பரப்பினார். "அப்படியென்றால் இவர்கள் எல்லோரும் நோய் வருவதற்கு முன்பே பாதிக் கிணற்றோடுதான் வந்திருக்கிறார்கள்" என்றார். ஒரு கோட்டின்மேல் விரல் வைத்து, "நான் இத்தனை நாள் எதை அளந்துகொண்டிருந்தேன், சிஸ்டர்?" என்றார். என்னிடம் கேட்டாரா தன்னிடம் கேட்டாரா என்று தெரியவில்லை. உத்தரத்தைப் பார்த்து நின்றேன். பழக்கம்.

சிகிச்சை முடிந்தது. டிஸ்சார்ஜ் ஆகும் காலை கடைசி அளவை. முந்தின வாரம் பாவாயியின் கிணறு ஏறக்குறைய வழிந்துகொண்டிருந்தது. அன்று ஜன்னல் வழியாகப் பார்த்தபோது நாச்சிமுத்து கேட்டுக்குள் நுழைவது தெரிந்தது. பாவாயியும் பார்த்தார். பலகையை நீட்டினேன். விரல் ஒரு சுற்றுச் சுற்றி நேராகப் பாறையில் போய் நின்றது. ஆறு வாரம் கோபால்ட் செய்ய முடியாததை ஒரு மனுஷர் கேட்டருகே நின்றே செய்துவிட்டார்.

"டாக்டர், போன வாரம்..." என்று இழுத்தேன்.

"விரல் எங்கே இருக்கிறது?"

"பாறையில."

"அப்படியானால் அதுதான் உண்மை. எழுதுங்கள்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அந்த ஐயாவை வரச் சொல்லுங்கள்" என்றார்.

நாச்சிமுத்து கெட்டவர் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேகவைத்த கடலையோடு வந்து, கட்டில் கால்மாட்டில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போவார். அன்று டாக்டர் முன்னால் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"கதிர் சிகிச்சையின் பாதிப்பு முடிந்த பிறகும் பல வாரம் இருக்கும், ஐயா. இவருக்கு ஓய்வு வேண்டும்."

"ஆகட்டுங்க. புள்ளைய அவ ஊட்டுல கூப்புடறாங்க, இன்னிக்கே போவோணும். இவ வந்துட்டா வேற ஆளு வேண்டியதில்லீங்க. கடலை வேற புடுங்கோணும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். ஓய்வு என்ற சொல்லுக்கு நாச்சிமுத்துவின் ஊரில் என்ன பொருள் என்று அவருக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும். காகிதத்தை எடுத்தார். "இவர் வீட்டில் செய்யும் வேலைகளின் பெயர் சொல்லுங்கள், சிஸ்டர்." பாவாயி எங்களிடம் சொன்னதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, மருந்துச் சீட்டு எழுதுவது போலவே வரிசையாக எழுதினார். பால் கறப்பது கூடாது. தண்ணீர் சேந்துவது கூடாது. சாணி அள்ளுவது கூடாது. காட்டு வேலை கூடாது. ஆளைத் தூக்கிக் குளிப்பாட்டுவது கூடாது. தூக்கம், தானாக விழிக்கும் வரை. கீழே கையெழுத்துப் போட்டு ஆஸ்பத்திரி முத்திரையையும் குத்தினார்.

நாச்சிமுத்து வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். "இத்தனையும் மருந்துங்களா?"

"மருந்துதான். ஒன்றை விட்டாலும் சிகிச்சை வீண்."

அவர் முத்திரையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு சீட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். முத்திரை குத்தினதை மீறுகிற வம்சம் இல்லை அது.

முதல் பரிசோதனைக்குப் பாவாயி வந்தபோது ஊரிலிருந்து மூன்று பெண்கள் கூடவே பஸ் ஏறி வந்திருந்தார்கள். நோய் பார்க்க வரவில்லை. கிணறு பார்க்க வந்திருந்தார்கள். தங்களையும் அளந்து, தங்களுக்கும் முத்திரை குத்தின சீட்டு ஒன்று வேண்டும் என்றார்கள். டாக்டர் மிகுந்த மரியாதையோடு, "இது புற்றுநோய் உள்ளவர்களுக்கு மட்டும்தான், அம்மா" என்றார்.

மூவரில் மூத்தவர் சேலை முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார். "அந்தக் குடுப்பினை நமக்கில்லையாட்ட இருக்குது. வாங்கடி போலாம்."

மறுநாள் காலை டாக்டர் யாரையும் அளக்கவில்லை.

அடுத்த பரிசோதனைக்கு நாச்சிமுத்துவும் வந்தார். எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஆள் பாதியாகியிருந்தார். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. பாவாயியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், ஒரு சங்கதிங்க. அவளுக்குத் தெரியக் கூடாது." குரலைத் தாழ்த்தினார். "அவளுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சாட்ட இருக்குதுங்க."

"என்ன ஐயா செய்யுது?"

"சடவுங்க. காத்தால எந்திரிக்கும்போதே சடவு. படுத்தாலும் தீரல. தோளு கழண்டு போறாப்புல இருக்குது. சோத்துல கை வெச்சா எறங்கல. ஆரு பேசுனாலும் கோவம் வருது. அவளும் மொதல்ல இப்படித்தானுங்க இருந்தா. நான் போயிட்டா எங்காத்தாள ஆருங்க பாத்துக்குவா?"

பெரிய மனுஷர் கண் கலங்கிவிட்டார். டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் சிரிக்கவில்லை, சந்தேகப்படவும் இல்லை. தொண்டையைப் பார்த்தார், வயிற்றை அழுத்தினார், அக்குளில் கட்டி இருக்கிறதா என்று தடவினார். ரத்தம் எடுத்தோம், மார்பை எக்ஸ்ரே எடுத்தோம். முடிவு வரும்வரை நாச்சிமுத்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் வெளியே வந்தேன். பெஞ்சில் பாவாயி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"அவரு மூஞ்சியப் பாத்தா எனக்குத் தெரியாதுங்களா சிஸ்டர்? மாசக்கணக்கா மறைக்கறாரு. அர்த்தநாரீசுவரருக்கு வேண்டிக்கிட்டு வந்திருக்கறேன்."

மதியத்துக்குள் எல்லாம் வந்துவிட்டது. ஒன்றுமில்லை. ரத்தம் நன்றாக இருந்தது, நுரையீரல் நன்றாக இருந்தது. டாக்டர் காகிதங்களை ஒரு பக்கம் வைத்துவிட்டு, "காலை எழுந்ததிலிருந்து என்ன செய்கிறீர்கள், ஐயா?" என்று கேட்டார்.

நாச்சிமுத்து சொன்னார். எருமைக்குத் தண்ணீர் காட்டுவது, கறப்பது, சாணி வழிப்பது, சோறாக்குவது, அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து உடம்பு கழுவிவிடுவது, பிறகு காடு. கூலிக்கு ஆள் தேடினாராம். ஆளெல்லாம் தறிக்குப் போய்விட்டார்களாம். சீட்டில் போட்டிருந்தபடி பாவாயியை ஒன்றும் தொட விடவில்லை. "அவ எந்திரிச்சு வந்தா நான் சீட்டக் காட்டுவனுங்க. திரும்பிப் போயிருவா."

"உங்களுக்கு நோய் எதுவும் இல்லை" என்றார் டாக்டர்.

"நெசமாலுமுங்களா?"

"நிஜமாகத்தான்."

அவர் நம்பவில்லை. நம்ப ஆசைப்பட்டும் முடியவில்லை. "நோவு இல்லீன்னா, அப்பறம் இதுக்கு என்ன பேருங்க?"

டாக்டர் ஜெகநாதன் ரேடியோக் குரல் இல்லாமல் சாதாரணமாகச் சொன்னார்: "வேலை."

நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அவ ஒருநாளும் சொன்னதில்லீங்களே" என்றார்.

பாவாயியிடம் போய்ச் சொன்னேன். "பயப்படாதீங்க அக்கா. அவருக்கு நோய் கீய் ஒண்ணுமில்ல. வேலை செஞ்ச அலுப்பு, அவ்வளவுதான்."

அழுதுகொண்டிருந்தவர் நிறுத்தினார். முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு, மிகவும் யோசித்து, ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப எனக்கு மொதல்ல இருந்துச்சே சிஸ்டர், அதுல நோவு எவ்வளவுங்க, வேலை எவ்வளவுங்க?"

உள்ளே போய் அந்தக் கேள்வியை டாக்டரிடம் அப்படியே சொன்னேன். பின்னாளில் அவர் எங்கள் அளவையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வெளியூர் மருத்துவப் பத்திரிகைக்கு அனுப்பினார். கிணற்றை அறிவியல் அளவுகோலாக ஏற்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாவாயி அதற்குப் பிறகும் பல வருஷம் பரிசோதனைக்கு வந்தார். நோய் திரும்பவில்லை. அன்றைக்கு டாக்டர் அந்தக் கேள்வியைக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். பிறகு, "அதைப் பிரித்து அளக்க நமக்குத் தெரியாது, சிஸ்டர்" என்றார். "மணி ஆகிவிட்டது. இரண்டு பேரையும் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்."

ஆஸ்பத்திரிக் கேன்டீனில் அவர்களை உட்காரவைத்து நானும் எதிரில் உட்கார்ந்தேன். நாச்சிமுத்துவுக்கு அன்று சோறு இறங்கியது. ரசத்துக்கு இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். சாப்பிட்டு முடித்ததும் தன் இலையை மடித்தார். பிறகு, சுற்றிலும் யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், பாவாயியின் இலையையும் மடித்து, இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டார். பாவாயி எழுந்திருக்க ஒரு கால் ஊன்றினார். பிறகு என்ன நினைத்தாரோ, ஊன்றிய காலை எடுத்துக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.